பத்து வருஷமாக ஒழுகும் குழாய்

"மூஞ்சிய அங்கிட்டுத் திருப்புங்க" என்கிறாள் ஜெயக்கொடி, திருப்புகிறேன், கட்டிய மனைவி சொல்லி நான் திருப்பாத பக்கம் என்று இப்போது எதுவும் இல்லை. கொல்லையில் குழாயடியை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்கும் கண்ணாடி, அதற்குள் பாதி நுரையும் பாதி தாடியுமாக ஒரு ஆள். அவன்தான் நான், ஜெயம் டிரைவிங் ஸ்கூல் தெய்வேந்திரன், திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவன். இப்போது என் உடம்பில் எது எது என்று எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. பக்கவாதம் வந்து வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன பை மாதிரி. வலது கால் இழுத்தால் வரும், கூப்பிட்டால் வராது. வலது கன்னத்தில் பிரஷ் ஓடுகிறதா, பிளேடு ஓடுகிறதா, அவள் விரல் ஓடுகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அவளுக்கு அது தெரியும். அதனால் வலது பக்கம் மழிக்கும்போதெல்லாம் தன் இடது உள்ளங்கையை என் இடது கன்னத்தில் வைத்துக்கொள்வாள். தலை ஆடாமல் இருக்கத்தான் என்பாள். என் தலை எங்கே ஆடுகிறது, அது பாட்டுக்கு இருக்கிறது, ஆனாலும் அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்று நானும் லேசாக ஆட்டிக்கொள்வேன். இன்றைக்கு ஏன் இந்த அலங்காரம் என்றால் மதுரைக்குப் போகிறோம். டாக்சி சொல்லியாகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பெரிய ஆபீசில் விசாரணை. உனக்குக் கை கால் முடங்கினால் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லி வருஷா வருஷம் பிரீமியம் வாங்கிக்கொண்டார்கள், நானும் வாக்குத் தவறாமல் முடங்கிவிட்டேன், இப்போது தரமாட்டோம் என்கிறார்கள். அந்தப் பணம் வந்தால் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் என் வண்டி எங்களிடமே இருக்கும், ஒரு மாஸ்டரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்கூலை மறுபடி நடத்தலாம். வராவிட்டால் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறார், மாஸ்டர் காலடியில இருக்கிற அந்த ரெண்டாவது பிரேக்கை மட்டும் கழட்டிக் குடுத்துருங்க என்கிறார். கழட்டிக் குடுத்துருங்க. பிள்ளைக்கு முடி எடுக்கிற மாதிரி லேசாகச் சொல்கிறார். சொட்டு, சொட்டு என்று குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஜெயக்கொடி பிளேடைச் சொம்புத் தண்ணீரில் அலசிக்கொண்டே அதைப் பார்த்து, "மூணு வாரமா ஒழுகுது இந்தக் கொழா. வாசர் தேஞ்சிருச்சு, ஆளக் கூப்பிடணும்" என்றாள். ம் என்றேன். ஆனால் அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று இடித்தது. சில நாள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே அப்படி இருக்கும், எப்போதும் கேட்கிற ஒரு சத்தம் இன்று இல்லை, எது இல்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது.

அவளையே கேட்டுவிடலாம்தான், ஆனால் வாயைச் சுற்றி நுரை. நுரை இல்லாவிட்டாலும் என் வாயில் ஒரு வார்த்தை புறப்பட்டு வெளியே வருவதற்குள் பழனி பஸ் ஒன்று வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூச்சு விடாமல் பேசியே பிழைத்தவன் நான், கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க, பயப்படாதீங்க, என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு, நீங்க என்ன தப்புப் பண்ணாலும் நான் பிடிச்சுருவேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் அதை. அன்றைக்கு வத்தலக்குண்டு ரோட்டில் ஹசீனா டீச்சரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வயசுக்கு மேல் கார் கற்றுக்கொள்ள வந்தவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் பிள்ளையைப் பிடித்த மாதிரி விடமாட்டார். பயப்படாதீங்க டீச்சர், என் காலுக்குக் கீழ என்றவன் அதற்குமேல் சொல்லவில்லை. கால் இருந்தது, கீழே பிரேக்கும் இருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை. எதிரே வைக்கோல் லாரி. டீச்சர் ஒரு தடவை திரும்பி என் வாயைப் பார்த்தார், கோணிக்கொண்டிருந்திருக்கும் போல, பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடி முதலில் பிரேக், பிறகு கிளட்ச், இண்டிகேட்டர்கூடப் போட்டு ஓரங்கட்டி நிறுத்தினார். அதற்கப்புறம்தான் அலறினார். என்னிடம் படித்தவர்களில் உருப்படியாகப் படித்தது அவர் ஒருவர்தான், அவருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுக்கத்தான் என்னால் முடியவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். எனக்குப் பேப்பர் படித்துக் காட்டுவார், பிறகு அடுப்படியில் ஜெயக்கொடியோடு குசுகுசுவென்று வெகுநேரம் பேசிவிட்டுப் போவார். பொம்பளைகள் பேச்சு, நமக்கெதற்கு. "கன்னத்த உப்புங்க" என்கிறாள். உப்புகிறேன். இடது பக்கம் உப்புகிறது, வலது பக்கம் காற்று நிற்காமல் உதட்டோரமாகப் போய்விடுகிறது. பஞ்சர். அவள் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். முதலில் வீட்டுக்கு வந்து மழித்துவிட்ட ஆளுக்கு அந்தப் பொறுமை இல்லை, அந்தப் பக்கம் வெட்டிவிட்டான், ரத்தம் சட்டையில் சொட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றோடு ரேசரை இவள் வாங்கிக்கொண்டாள். முதல் நாள் பிளேடை அழுத்தி அழுத்தி இழுத்தாள். ஹாஃப் கிளட்ச்... ஹாஃப் கிளட்ச் என்று நான் குழறிக் குழறிச் சொன்னேன், அவளுக்குப் புரிந்துவிட்டது, மெதுவாக விடுவது என்றால் என்ன என்று.

மூணு வாரமா ஒழுகுது. இதில் என்ன இடிக்கிறது? குழாய் ஒழுகுவது நிஜம், வாசர் தேய்ந்ததும் நிஜம். ஜெயக்கொடிக்கு எல்லாமே பத்து வருஷம். அதுவா? இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்து ஏழு வருஷம்தான் ஆகிறது, வந்த மூன்றாம் மாதமே அடுப்படி ஜன்னல் கொக்கி போய்விட்டது, "பத்து வருஷமாச் சொல்றேன் இந்தக் கொக்கிய மாத்துங்கன்னு" என்றாள். வெண்டைக்காய் முற்றலாக இருந்தால் அந்தக் காய்க்காரன் பத்து வருஷமாக முற்றலைத்தான் தலையில் கட்டுகிறான், அவனே போன வருஷம்தான் எங்கள் தெருவுக்கு வந்தவன். மகள் மதுபாலா கோயமுத்தூரில் வேலைக்குப் போன முதல் வாரமே, போன் பண்ணிப் பத்து வருஷமாச்சு என்று போனிலேயே சண்டை. எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணமாகி நாலாம் நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் அம்மாவிடம் சொல்கிறாள், "பத்து வருஷமா இந்தக் கொறட்டையோட மாரடிக்கிறேன்." மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். எனக்கு அன்றைக்குத்தான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது. அதற்கு முன் மூன்று நாளும் விருந்தாளியாக இருந்தேன், நாலாம் நாள் பத்து வருஷத்துப் புருஷனாகிவிட்டேன். நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன், ஏண்டி உன் வாயில ஒம்பதும் வராது பதினொண்ணும் வராதா என்று. வந்தால்தானே. அந்தப் பத்து வருஷம்தான் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறேன், கண் ஒழுங்காகத் திறக்கவில்லை, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. டூட்டி டாக்டர் சின்னப் பெண், மதுபாலா வயசுதான் இருக்கும், குரலில் மட்டும் அதிகாரம். பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கே, எத்தன நாளா இருக்கு, வீட்டுல பாத்துக்கிட மாட்டீங்களா, ஏன் முன்னாடியே காட்டல என்று ஒரே அதட்டல். நம் ஊரில் சீக்காளியைத் தூக்கிக்கொண்டு போனால் முதல் மருந்து தூக்கிக்கொண்டு போனவருக்குத்தான், திட்டு. அதற்கு ஒவ்வொரு பொம்பளையும் ஒரு பதிலை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள், நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், இந்த மனுசன்தான் கேக்கல. ஜெயக்கொடியும் அழுதுகொண்டே அதைத்தான் சொன்னாள். "பத்து வருஷமாச் சொல்றேன் டாக்டரம்மா, தலைசுத்துது தலைசுத்துதுங்குறாரு, பிரஷராத்தான் இருக்கும், போயிப் பாருங்கன்னு பத்து வருஷமா அடிச்சுக்கிறேன், கேட்டாத்தானே!" பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. செத்துப்போகிறோம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷமா என்றதும், ஓ, இவள் வழக்கம்போலத்தான் திட்டுகிறாள், அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். என்னை இழுத்துக் கரையில் போட்டது அவளுடைய அந்தப் பொய்க் கணக்குதான்.

"இங்கிட்டுத் திரும்புங்க." திரும்புகிறேன். இது உணர்ச்சி உள்ள பக்கம், பிளேடின் ஓட்டம் தெரிகிறது, அவள் மூச்சு கன்னத்தில் படுகிறது, மூச்சில் ஏலக்காய் வாசம். கம்பெனியின் கடிதம் வந்த அன்று அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், நல்லவேளை. இங்கிலீஷ் கடிதம். எனக்குப் பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜெண்ட் அற்புதராஜ்தான் வந்து படித்துச் சொன்னான், படிக்கும்போதே அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. "பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே இருந்த நோயின்னா பணம் கெடையாதுண்ணே. நீங்க எடுத்து நாலு வருஷம் ஆகுது. ஆஸ்பத்திரிச் சீட்டுல பத்து வருஷமாப் பிரஷர்னு இருக்கு. நோய மறைச்சு எடுத்துட்டீங்கங்குறாங்க." பிறகு கடிதத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னது சம்சாரம்னும் போட்டுருக்கு" என்றான். நான் இடது கையால் வாசலைக் காட்டினேன், பிறகு என் வாயைப் பொத்திக் காட்டினேன். அவ... ளுக்கு... வேண்டாம். அவன் புரிந்துகொண்டான். கடிதத்தை எங்கே வைப்பது, ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எதை ஒளிக்க முடியும், வண்டி டேஷ்போர்டுக்குள் போட்டுவிடச் சொன்னேன். அவளிடம் கம்பெனியில் ரூலை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவைத்தோம். "வெளங்குவாய்ங்களா அவய்ங்க, பத்து வருஷமாக் காசக் கட்டி" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சாபம் விட்டாள். கட்டியது நாலு வருஷம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தன்னைத்தானே திட்டுகிறாள், தெரியாமலே.

இதில் ஒரு முள் இருக்கிறது, இரவில் படுத்தால் குத்துகிற முள். அவள் சொன்னது பொய்க் கணக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? மைத்துனன் கல்யாணத்தில் பந்தியில் இருந்து எழுந்தபோது ஒரு தடவை தலை சுற்றியது. வெயில், பிரியாணி, பட்டுவேட்டி என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில். அதுவும் வெயில். பிரஷர் இருந்ததா இல்லையா, பார்த்தால்தானே தெரியும், பார்க்கவில்லை, பார்க்காததால் இல்லை, இல்லாததால்தான் பாலிசிப் பாரத்தில் இல்லை என்று எழுதச் சொன்னேன். இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது, லைசென்ஸ் டெஸ்டுக்கு எட்டு போடச் சொன்னால் சிலர் எட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், வெளியே வரத் தெரியாது. நல்லவேளையாக ஒரு ரத்ததானக் கார்டு இருக்கிறது, பாலிசி எடுத்த வருஷம் பஸ் ஸ்டாண்டு முகாமில் ரத்தம் கொடுத்தேன், எடுப்பதற்கு முன் பிரஷர் பார்த்து எழுதியிருக்கிறார்கள், சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிம்மதி. அற்புதராஜுக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. "அந்தக் கார்டு ஒரு நாளைக்குச் சாட்சிண்ணே. மதினி சொன்னது பத்து வருஷத்துக்குச் சாட்சி. மதினியே உள்ள வந்து, பதட்டத்துல சொன்னேன், எப்பவும் அப்படித்தான் பேசுவேன்னு அவங்க வாயால சொன்னாத்தான் நிக்கும்." அவள் வாயால் சொல்வதென்றால் முதலில் அவள் காதால் கேட்கவேண்டும். என்னால் அதைச் செய்யமுடியாது. மதுபாலா குழந்தையாக இருந்தபோது பால் கொட்டிக் காலில் பட்ட சூட்டுத் தழும்பு, அதைப் பார்க்கிற நேரமெல்லாம் இன்றைக்கும் தன் கையைத் தானே அடித்துக்கொள்கிறவள் இவள். உன் ஒரு பேச்சால்தான் எல்லாம் போயிற்று என்று இவளிடம் எந்த ஆபீசர் சொல்வான், எந்தக் குரலில் சொல்வான்? பேனாவைத் தட்டிக்கொண்டே சொல்வான். ஒரு தடவை பொய் சொன்னேன்னு நீங்களே சொல்றீங்க, இப்பச் சொல்றது நெசம்னு எப்படிம்மா நம்புறது என்பான். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள என்னிடம் பாதி முகம்தான் இருக்கிறது. வேண்டாம். அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் அற்புதராஜைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன், அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன், திரும்பி வருவேன், ரூல் ரூல்தானாம் என்பேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டும். ரெண்டாவது பிரேக்கைக் கழற்றி எங்கே வைப்பது, பரணில் வைக்கலாம். பரணில் எனக்கு எட்டாது. அவள்தான் ஏறவேண்டும்.

"இந்தத் துண்டு போன ஆடித் தள்ளுபடியில எடுத்தது. அதுக்குள்ள நூல் பிரியுது பாருங்க" என்கிறாள், என் காதோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டே. மறுபடியும் இடித்தது. "டாக்சிக்காரனுக்கு ஒம்பது மணிக்குப் போன் பண்ணேன், ஒரு மணி நேரத்துல வர்றேன்னான்." இடித்தது. மூணு வாரம், போன ஆடி, ஒரு மணி நேரம். நான் பின்னால் போய்ப் பார்க்கிறேன், மெதுவாக, ரிவர்ஸ் கியரில். நேற்றுப் பால்காரனிடம், "முந்தாநாளும் தண்ணியாத்தான் இருந்துச்சு." முந்தாநாள் மட்டுமா? முன்னெல்லாம் அவன் பத்து வருஷமாகத் தண்ணீர்தானே ஊற்றிக்கொண்டிருந்தான்? அதற்கு முன்னால் மதுபாலாவிடம், "நீ போன் பண்ணி அஞ்சு நாளாச்சு." அதற்கும் முன்னால் கரண்ட் போனபோது, அதற்கும் முன்னால் கொக்கி... கொக்கியைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. ஒரு பத்து வருஷம்கூட இல்லை. எத்தனை நாளாக இந்த வீட்டில் அது இல்லை? எஞ்சினில் ஒரு வால்வு தட்டினால் தெருமுனையில் கேட்கிறவன், என் பக்கத்திலேயே நின்றுபோன சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி, எப்போது என்று தெரியாது, ஆனால் தெரிந்துவிட்டது, தெரிந்து தன் நாக்கைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டு என் முன்னால் நாள் முழுக்கச் சரியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். வலது கன்னத்தில் மிச்சமிருந்த இடத்தை அவள் இப்போது மழிக்கிறாள், இடது உள்ளங்கை என் இடது கன்னத்தில். அந்தக் கை சாதாரணமாகத்தான் இருக்கிறது. கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க. பார்த்தேன். அவள் கண்ணில் இருந்து வழிந்து என் வலது கன்னத்து நுரையில் விழுகிறது, விழுந்த இடத்தில் நுரை குழிகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத பக்கமாகப் பார்த்து அழுதிருக்கிறாள். எத்தனை நாளோ.

"தெ... ரி... யுமா" என்றேன். நுரை வாய்க்குள் போயிற்று. அவள் பிளேடை எடுத்துவிட்டு என் உதட்டைத் துடைத்தாள், முந்தானையில் தன் கண்ணைத் துடைத்தாள், பிறகு எனக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "தெரியும். வண்டியத் தொடைக்கையில டேஸ்போர்டுல கெடந்துச்சு. நாந்தான் வாராவாரம் தொடைக்கிறேன்ல, அங்க போயி ஒளிச்சு வச்சிருக்கீங்க பாருங்க, கெட்டிக்காரரு. டீச்சர்ட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவங்களும் மொதல்ல மென்னு முழுங்கினாங்க." சொல்லிவிட்டுக் குழாயை எட்டி இறுக்கித் திருகினாள். "அன்னிக்கு நாக்கப் புடுங்கிக்கிறலாம் போல இருந்துச்சு. நீங்க வாசல்ல பேப்பர மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, நான் அடுப்படியில... சரி, அத விடுங்க. அழுது முடிச்சப்புறம் டீச்சர் கேட்டாங்க, நீங்க சொன்னத நீங்கதான போயி இல்லைன்னு சொல்லமுடியும், வேற யாரு சொல்றதுன்னு. நெசந்தான? ஆனா அங்க போயி நின்னு பயத்துல மறுபடி வாயில அதே பத்து வருஷம் வந்துருச்சுன்னா? அதுக்குத்தான் சரியாப் பேசிப் பழகுறேன். டீச்சர் கேள்வி கேப்பாங்க, நான் பதில் சொல்லணும். வீட்டுக்காரருக்குப் பிரஷர் இருக்குன்னு உங்களுக்கு எப்பம்மா தெரியும்? ஆஸ்பத்திரியில சொல்லித்தான் சார் தெரியும். அதுக்கு முன்னாடி? ரெண்டு தடவ தலை சுத்துச்சு சார், ரெண்டும் வெயில் காலம், மொதத் தடவைக்கு நான் வஞ்சேன். மொத நாளு எல்லாக் கேள்விக்கும் பத்துன்னு வந்துச்சு, டீச்சர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. இப்ப வர்றதில்ல." ஒரு மாணவி மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். ரெண்டு தடவை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் சுற்றியதை நான் இவளிடம் சொல்லவேயில்லை, இவளுக்கு எப்படித் தெரியும்? அன்று சுவரில் சாய்ந்த மண் சட்டையில் இருந்திருக்கும், துவைக்கும்போது பார்த்திருப்பாள். எல்லாம் தெரியும் இவளுக்கு, எண்ணிக்கையோடு தெரியும், சரியாகத் தெரிந்துகொண்டே இத்தனை காலமும் பத்து என்று சொல்லிவந்திருக்கிறாள். "நம்ப... லேன்னா" என்றேன். "நம்பாட்டிப் போறாய்ங்க. வண்டி போனாப் போகுது. ஆனா நான் சொன்ன ஒரு பேச்சுக்கு நீங்க பேசாம தலையாட்டிட்டு வர்றதா? என்னைய வெளிய பெஞ்சுல உக்காரவச்சுட்டுப் போயிரலாம்னு பாத்தீங்கள்ல? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

பிடித்துவிட்டாள். நீங்க என்ன தப்புப் பண்ணாலும் நான் பிடிச்சுருவேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான், எனக்காக இரண்டு பொம்பளைகள் அடுப்படியில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கப் பழகியிருக்கிறார்கள், நான் வாசலில் உட்கார்ந்து டீச்சர் படித்துவிட்டுப் போன அரிசி விலையை அசைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு துக்கமும் இருந்தது. இனி இவள் இப்படித்தான் பேசுவாளா? மூணு வாரம், அஞ்சு நாள், போன ஆடி என்று? கேஸ் ஜெயித்து, பணம் வந்து, வண்டியும் நின்று, வாசலில் புது மாஸ்டர் ஹார்ன் அடித்து, அடுப்படியில் இருந்து ஒரு பத்து வருஷமும் கேட்காது என்றால் அந்த வீட்டுக்கு நான் ஏன் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தேன்? உன் அந்தப் பேச்சுதான் என்னைப் பிடித்து வைத்தது, ஸ்ட்ரெச்சரில் கிடந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கம்பெனிக்கு அது நோய், எனக்கு அதுதான் மருந்து என்று அவளிடம் சொல்லவேண்டும். எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வாயைத் திறந்தேன். அவ்வளவும் தொண்டையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டது, லாரிப்பேட்டைச் சந்தில் வண்டிகள் நிற்கிற மாதிரி. "என்னங்க, என்ன செய்யுது, தண்ணி வேணுமா" என்று எழுந்துவிட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் முகத்தைக் கழுவிவிட்டாள், படிகாரம் தேய்த்தாள், துண்டால் ஒற்றினாள், சின்னக் கத்தரியால் மீசையை ஒதுக்கினாள். தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியை ஆணியில் இருந்து கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மீசை சரியா இருக்கா பாருங்க." பார்த்தேன். கோணிய வாய்க்கு மேலே மீசை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "ப... த்து" என்றேன். அவள் குனிந்தாள். "பத்து... வரு... ஷமா..." உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வார்த்தைக்குப் பழனி பஸ் வந்து போகும்வரை காத்திருந்தாள். "கோ... ணல்." கண்ணாடியை இறக்கிவிட்டு மீசையைக் கூர்ந்து பார்த்தாள். "கோணலா? எங்கிட்டுக் கோணல்? அதென்ன பத்து வருஷம், நான் ரேசர் பிடிச்சதே மாசி மாசத்துல..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க முடிந்த பக்கத்தால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு துடித்தது, அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், பொங்கிச் சிரித்துவிட்டாள், கண்ணில் நீர் வர, பல் அத்தனையும் தெரிய. "ஏத்தத்தப் பாரு, வாய் வரலைன்னாலும் ஏத்தத்தப் பாரு" என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அடித்தது வலது தோளில். கையை எடுத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, இடது தோளில் மறுபடியும் ஓர் அடி கொடுத்தாள். வலித்தது, நன்றாகவே வலித்தது. வாசலில் டாக்சிக்காரர் முதல் தடவையாக ஹார்ன் அடித்தார். "வர்றோம்ப்பா, வர்றோம்" என்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, என் இடது கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "எந்திரிங்க. அங்க போயிச் சரியாச் சொல்லிக்கிறேன். பத்து வருஷமா ஹார்ன் அடிக்கிறான் அந்த மனுசன்."